கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என்ன எழுதுவது?

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம். பெங்களூரு லிங்கராஜபுரத்தில் உள்ள ஓர் ஆங்கில வழித் தனியார் பள்ளியில் 16 ஆண்டுகளாக ஆசிரியையாக இருக்கிறேன். இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தில் என்னை ஒருங்கிணைப்பாளராக்கி, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பாடம் நடத்தும் 11 ஆசிரியைகளின் கற்பித்தலை மேம்படுத்தும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். தெலுங்கும் உருதும் பேசுகிறவர்களும் உண்டு. நான் வகுப்புக்குள் நுழைந்தவுடன் பாடம் நாடகமாகிவிடுகிறது. மூன்றாம் வகுப்பில் பலகையில் உள்ளதை முத்து முத்தாக எழுதிக்கொள்ளும் குழந்தைக்கு, எழுதியதை வாசிக்கத் தெரியவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்த மூத்த ஆசிரியை ஒருவர், “உனக்குச் சாக்பீஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான், இப்போது நீ என்னைத் திருத்த வருகிறாயா?” என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். கரஸ்பாண்டன்ட்டோ, சம்பள உயர்வை முடிவு செய்வதற்காக ஒவ்வோர் ஆசிரியைக்கும் 100-க்கு மதிப்பெண் போட்டுத் தரச் சொல்கிறார். எனக்கு இன்னும் வாரத்துக்கு 14 பாடவேளை இருக்கிறது. அதை விட்டுவிட்டு முழு நேரமும் இதைப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். உங்கள் கடிதத்தில் நான்கைந்து சிக்கல்கள் இருந்தாலும், மதிப்பெண் விஷயத்தைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தீராத வரையில் மற்றவற்றுக்கு நான் சொல்லும் எந்த யோசனையும் உங்கள் பள்ளியில் வேர் பிடிக்காது. ஒருவருடைய சம்பளத்தைக் கூட்டவோ குறைக்கவோ போகும் நோட்டுப் புத்தகம் உங்கள் கையில் இருக்கும்போது, அவர் தமக்குத் தெரியாததை உங்களிடம் எப்படி ஒப்புக்கொள்வார்? “இந்தப் பாடத்தை எப்படி நடத்துவது என்றே எனக்குப் பிடிபடவில்லை” என்று ஓர் ஆசிரியை உங்களிடம் வந்து சொல்லும் நாளில்தான் உங்கள் வேலை தொடங்குகிறது. மதிப்பெண் அந்த வாயை அடைத்துவிடும். நீங்கள் நுழைந்ததும் பாடம் நாடகமாவதற்கும் காரணம் அதுதான். அவர்களைக் குறை சொல்ல முடியாது, தேர்வு எழுதுகிறவர் யாராக இருந்தாலும் தெரிந்த கேள்விக்குத்தானே முதலில் விடை எழுதுவார்.

கரஸ்பாண்டன்ட்டிடம் நேரடியாக “முடியாது” என்று சொல்லுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. அவருக்கும் மேலே நிர்வாகக் குழு இருக்கும், அங்கே காட்டுவதற்கு ஏதோ ஒரு தாள் வேண்டியிருக்கும். ஆகவே மதிப்பெண்ணுக்குப் பதிலாக வேறு இரண்டு தாள்களை நீங்களே கொடுங்கள். ஒன்றில், எந்த ஆசிரியையின் வகுப்புக்கு எத்தனை முறை போனீர்கள், எத்தனை முறை உட்கார்ந்து பேசினீர்கள், அவர் தாமாகத் தேர்ந்தெடுத்து மாற்றிக்கொண்டிருக்கும் பழக்கம் எது என்பவை மட்டும் இருக்கட்டும். மற்றொன்றில், ஒவ்வொரு வகுப்பிலும் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் ஆண்டின் தொடக்கத்தில் எத்தனை பேர், அரையாண்டில் எத்தனை பேர் என்ற கணக்கு இருக்கட்டும். சம்பள உயர்வுக்கான மதிப்பீட்டைத் தலைமை ஆசிரியர் தனியாக வந்து பார்த்துச் செய்யட்டும். இதற்கும் அவர் உடன்படவில்லையென்றால் கடைசி வழி ஒன்று உண்டு: எந்த நாளில் மதிப்பெண்ணுக்காக வருகிறீர்கள், எந்த நாளில் துணைக்காக வருகிறீர்கள் என்பதை ஆசிரியைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், துணைக்காகப் போகும் நாளில் எழுதிய தாளை அன்றைக்கே அவர்களிடம் கொடுத்துவிட்டு, நகல் வைத்துக்கொள்ளாதீர்கள். இது அரைகுறை ஏற்பாடுதான், ஆனால் ஒளிவுமறைவு இல்லாத அரைகுறை.

கூட இருந்து வழிகாட்டும் இந்த முறைக்கு ஏன் இத்தனை பாடு என்று கரஸ்பாண்டன்ட் கேட்டால் சொல்வதற்குக் கையில் சில தகவல்கள் இருப்பது நல்லது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் தொழில்சார் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. நான் பார்த்த பள்ளிகளில் அந்த மணி நேரங்கள் பெரும்பாலும் ஓர் அரங்கத்தில், மைக் பிடித்த ஒருவர் பேசக் கேட்டு, மதியம் சாப்பிட்டு, சான்றிதழ் வாங்கிக்கொண்டு வருவதில் கரைந்துவிடுகின்றன. அமெரிக்காவைச் சேர்ந்த கல்வி ஆய்வாளர்கள் புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980-களிலேயே இதைச் சுட்டிக்காட்டினார்கள்: அரங்கத்தில் கேட்டுப் புரிந்துகொண்டது, செய்துகாட்டப்பட்டபோது நன்றாக இருந்தது, இவையெல்லாம் வகுப்பறைக்குள் பழக்கமாகப் போய்ச் சேருவதற்கு, வகுப்பறையிலேயே கூட ஒருவர் இருந்து உதவ வேண்டியிருக்கிறது. மேத்யூ கிராஃப்ட், டேவிட் பிளேசர், டிலன் ஹோகன் ஆகியோர் 2018-இல் 60 ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டபோது, இத்தகைய வழிகாட்டலால் கற்பிக்கும் முறையில் ஏறத்தாழ 0.49 திட்ட விலக்கம் (முன்னேற்றத்தை ஒப்பிடப் புள்ளியியலில் பயன்படும் அலகு) அளவுக்கும், மாணவர்களின் தேர்ச்சியில் 0.18 அளவுக்கும் முன்னேற்றம் தெரிந்தது. ஆசிரியரின் நடைமுறை மாறுகிற அளவுக்குப் பிள்ளையின் தேர்ச்சி உடனே மாறுவதில்லை என்பதையும் இந்த இரண்டு எண்களும் சேர்த்தே சொல்கின்றன. டிசம்பரிலேயே பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்திருக்க வேண்டும் என்று நிர்வாகம் கேட்கும்போது இதை நினைவூட்டுங்கள். அதே ஆய்வு, திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் குறைவதையும் காட்டியது.

நம்முடைய நிலைமைக்கு இன்னும் நெருக்கமான சான்று தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே வடமேற்கு மாகாணத்தில் செட்ஸ்வானா மொழி பேசும் சிறு குழந்தைகளின் ஆசிரியர்களுக்கு ஒரே பாடத் திட்டமும் ஒரே வாசிப்புப் பொருள்களும் கொடுத்துவிட்டு, ஒரு பகுதியினரை மையத்துக்கு வரவழைத்துப் பயிற்சி தந்தார்கள். மற்றொரு பகுதியினரின் வகுப்பறைக்கே வழிகாட்டி ஒருவரை அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, வழிகாட்டி போன வகுப்புகளில் பிள்ளைகளின் வாசிப்பு முன்னேற்றம் மற்றதைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. அதே நாட்டின் வேறொரு மாகாணத்தில், நேரில் போவதற்குப் பதிலாக டேப்லெட் வழியாகவும் தொலைபேசி வழியாகவும் வழிகாட்டிப் பார்த்தபோது, தொடக்கத்தில் அதுவும் ஈடாகவே தெரிந்தது, நாளாக ஆகப் பின்தங்கியது. வாட்ஸ்அப் குழுவில் காணொளி அனுப்பிவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் இதையும் சொல்லிவையுங்கள்.

இனி, வகுப்புக்குள் போனால் என்ன செய்வது என்பதற்கு வருவோம். நாடகத்தை நிறுத்துவதற்கு எளிய வழி, அதை நடத்த முடியாத அளவுக்கு அடிக்கடி போவதுதான். மாதம் ஒரு முறை போய் ஒரு பாடவேளை முழுவதும் உட்காருகிறவர் விருந்தாளி. வாரம் இரண்டு முறை போய்ப் பதினைந்து நிமிடம் இருந்துவிட்டு வருகிறவர் வீட்டு ஆள். மூன்றாவது வாரத்தில் பிள்ளைகள் உங்களைத் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். அதற்கு ஒரு வாரம் கழித்து ஆசிரியையும் நிறுத்துவார்.

அடுத்தது, எங்கே உட்காருவது என்பது. பெரும்பாலோர் செய்யும் தவறு, வாசலுக்கு அருகே ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு ஆசிரியையைப் பார்த்தபடி உட்காருவது. தயவுசெய்து ஆசிரியையைப் பார்க்காதீர்கள். கடைசி பெஞ்சில், பிள்ளைகளின் நோட்டு கண்ணில் படும்படி உட்கார்ந்துகொண்டு, மூன்று பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்: எப்போதும் கையைத் தூக்குகிற ஒன்று, நடுவாந்தரமான ஒன்று, யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஒன்று. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அந்த மூவரும் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். “கவனிக்கவில்லை” என்று எழுதாதீர்கள், அது தீர்ப்பு; “பென்சில் சீவுகிறான்”, “பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதுகிறாள்”, “வாய் அசைகிறது, கண் புத்தகத்தில் இல்லை” என்று எழுதுங்கள். இதோடு சில எண்ணிக்கைகளும் எடுக்கலாம். வகுப்பில் உள்ள 38 பேரில் தனியாகப் பேசியவர்கள் எத்தனை பேர்? “புரிந்ததா?” என்று ஆசிரியை எத்தனை முறை கேட்டார், “எஸ் மிஸ்” என்ற கோரஸ் எத்தனை முறை வந்தது? கேள்வி கேட்டதற்கும் ஒரு பெயரைக் கூப்பிட்டதற்கும் இடையில் எத்தனை விநாடி? இந்தக் கடைசிக் கணக்கைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வியாளர் 1970-களில் அளந்து பார்த்தபோது ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடியளவுதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு நீட்டியவுடன் விடைகள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகள் பேசினார்கள், “தெரியாது” குறைந்தது. பைசாச் செலவில்லாத சீர்திருத்தம் இது. செய்து பார்த்தால்தான் மூன்று விநாடி மௌனம் ஆசிரியருக்கு எவ்வளவு நீளமானது என்பது தெரியும்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், ஒரு பள்ளியில் இளம் ஆசிரியை ஒருவரின் பாடத்தைப் பார்த்துவிட்டு, பலகையின் இடது ஓரத்தில் தேதி எழுதாததிலிருந்து குரல் ஏற்ற இறக்கம் வரை 23 குறிப்புகள் எழுதிக்கொண்டு போய் ஒன்று விடாமல் வாசித்துக் காட்டினேன். அவர் எல்லாவற்றுக்கும் “சரி மேடம்” என்றார். அடுத்த வாரம் போனபோது இடது ஓரத்தில் தேதி இருந்தது; மற்ற 22-இல் எதுவுமே மாறவில்லை. மாற்றுவதற்கு எளிதானதை அவர் மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். அன்றைக்கு என் கண்ணுக்குத் தப்பியது வேறொன்று: வலதுபுற வரிசையில் இருந்த ஒரு பையன் அந்தப் பாடவேளை முழுவதும் நோட்டையே திறக்கவில்லை. அதை நான் எழுதியிருக்கவில்லை, ஏனென்றால் நான் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

ஆகவே வகுப்பு முடிந்த பின் நடக்கும் பேச்சில் ஒரு விஷயத்துக்கு மேல் எடுக்காதீர்கள். அன்றைக்கே பேசிவிடுங்கள், மறுநாள் ஆகிவிட்டால் இருவருக்கும் வகுப்பு மறந்து தீர்ப்பு மட்டும் மிஞ்சும். தலைமை ஆசிரியரின் அறையில் பேச வேண்டாம், ஸ்டாஃப் ரூமில் எல்லோர் காதிலும் விழும்படியும் வேண்டாம். அந்த ஆசிரியையின் காலி வகுப்பறையே நல்ல இடம். முதலில் பாராட்டு, நடுவில் குறை, முடிவில் மறுபடி பாராட்டு என்று ஒரு சூத்திரம் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதை விட்டுவிடுங்கள், நம் ஆசிரியைகள் அதையெல்லாம் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள், நீங்கள் பாராட்டத் தொடங்கியதுமே “அப்புறம்?” என்பதுபோல் பார்ப்பார்கள். எழுதிய தாளை மேசையில் அவர் பக்கம் திருப்பி வைத்து, அவரே வாசிக்கட்டும் என்று காத்திருங்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். இரண்டாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தல் பாடம். 42-இலிருந்து 17-ஐக் கழிக்க வேண்டும். ஆசிரியை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் முன்பைவிடச் சத்தமாக, “இரண்டிலிருந்து ஏழு போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு” என்று விளக்கினார். வகுப்பும் அதைப் பாட்டாகத் திருப்பிச் சொன்னது. என் அருகே இருந்த ஆறு நோட்டுகளில் நான்கில் விடை 35 என்று இருந்தது. பேசும்போது அந்த நான்கு நோட்டுகளை மட்டும் அவர் முன்னால் வைத்தேன். அவர் முதலில், “கவனக்குறைவு மேடம், எத்தனை தடவை சொன்னாலும் இப்படித்தான்” என்றார். நான்கு பேரும் ஒரே தவறான விடைக்கு எப்படி வந்திருப்பார்கள் என்று மட்டும் கேட்டேன். அரை நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அவரே சொன்னார்: பிள்ளைகள் மேலே கீழே பார்க்காமல், பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்திருக்கிறார்கள், ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து, நான்கிலிருந்து ஒன்று போனால் மூன்று. அது கவனக்குறைவு இல்லை, ஒரு விதி. அவர்கள் தாமாக உருவாக்கிக்கொண்ட, தவறான விதி. பாட்டை இன்னும் மூன்று முறை பாடினாலும் அந்த விதி அசையாது. மறுநாள் அவர் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொண்டு வந்து, ஒரு கட்டைப் பிரித்தால்தான் ஏழு குச்சியை எடுக்க முடியும் என்பதைப் பிள்ளைகளின் கையாலேயே செய்ய வைத்தார். ஈர்க்குச்சியைப் பற்றி நான் சொல்லவே இல்லை. எனக்குத் தெரிந்ததை அவரிடம் சொல்லாமல் அடக்கிக்கொண்டதுதான் அன்றைக்கு நான் செய்த கடினமான வேலை.

எல்லா நாளும் அப்படி அமையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில நாள் ஆசிரியைக்கு எதுவும் தோன்றாது. அப்போது நீங்கள் சொல்லித்தான் ஆக வேண்டும், அதில் கௌரவக் குறைவு ஏதும் இல்லை. ஆனால் சொன்னதோடு எழுந்து வந்துவிடாமல், அங்கேயே ஒத்திகை பாருங்கள். “நான்தான் இரண்டாம் வகுப்புப் பிள்ளை, அந்தக் கேள்வியை என்னிடம் கேளுங்கள்” என்று சொல்லி உட்காருங்கள். முதல் முறை இருவருக்கும் சிரிப்பு வரும், கூச்சமாக இருக்கும். வாயால் ஒரு முறை சொல்லிப் பார்த்த வாக்கியம்தான் மறுநாள் 38 பிள்ளைகள் முன்னால் வெளிவரும். தலையாட்டிக் கேட்டுக்கொண்டது வராது.

இவற்றையெல்லாம் 11 பேரோடும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. வாரத்துக்கு 40 பாடவேளை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வகுப்புகள் 14 போக மீதி 26, யாராவது விடுப்பு எடுத்தால் போய் நிற்கும் சப்ஸ்டிட்யூஷன் அதில் எட்டையாவது விழுங்கிவிடும், மிஞ்சுவது 18. ஓர் ஆசிரியைக்கு வாரத்துக்கு இரண்டு முறை வகுப்புக்குப் போவதும் ஒரு முறை உட்கார்ந்து பேசுவதுமாக மூன்று பாடவேளை ஒதுக்கினால், நால்வருக்கு 12. மீதி ஆறும் உங்களுடைய தயாரிப்புக்கும் எதிர்பாராத வேலைகளுக்கும் போய்விடும். எனவே முதல் எட்டு வாரம் நால்வர், அடுத்த எட்டு வாரம் நால்வர், பிறகு மூவர் என்று 24 வாரங்களில் ஒரு சுற்று முடியும். கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புக்குச் சொல்லும் குறைந்தபட்சம் ஆண்டுக்கு 200 வேலை நாள். ஐந்து நாள் வாரமாகப் பார்த்தால் 40 வாரம். தேர்வு, ஆண்டு விழா, விளையாட்டு விழா ஆகியவற்றுக்கான ஒத்திகை எல்லாம் போனாலும் 24 வாரத்துக்கு இடம் இருக்கிறது. முதல் நால்வரை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம், முன்வருகிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பலவீனமானவர்களிலிருந்து தொடங்கினால், நீங்கள் யார் வகுப்புக்குப் போகிறீர்களோ அவர் மட்டம் என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்துவிடும்.

அரசுப் பள்ளிகளில் உங்களைப் போன்ற பொறுப்பில் இருக்கும் தொகுப்பு வள மைய ஆசிரியர்களின் கதை உங்களுக்கு எச்சரிக்கையாக இருக்கட்டும். வகுப்பறைக்குப் போய் ஆசிரியருக்குத் துணை நிற்பதற்காக உருவாக்கப்பட்ட அந்தப் பதவி, புள்ளிவிவரம் திரட்டுவதிலும் சுற்றறிக்கை கொண்டுபோவதிலும் கூட்டங்களிலும் நேரத்தை இழந்துகொண்டிருக்கிறது. உங்கள் மேசைக்கும் புத்தக விநியோகமும் பேருந்துப் பட்டியலும் மெல்ல வந்து சேரும். அந்த 12 பாடவேளையைக் கால அட்டவணையில் மையால் எழுதி, தலைமை ஆசிரியரின் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளின் மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் பள்ளியில் வீட்டில் தமிழும், பாடத்தில் ஆங்கிலமும், மொழிப் பாடமாகக் கன்னடமும் என்று ஆறு வயதிலேயே மூன்றும் வந்து நிற்கின்றன. தமிழில் ககரத்துக்கு எழுத்து ஒன்றுதான், கன்னடத்தில் அந்த இடத்தில் நான்கு. செடியைக் குறிக்கும் ‘கிட’ (gida) என்ற கன்னடச் சொல்லை எழுதும்போது தமிழ்க் குழந்தை முதலாம் ககரத்தைப் போட்டால், அங்கே வர வேண்டியது மூன்றாம் ககரம் என்பது அதன் காதுக்கு இன்னும் எட்டவில்லை என்று பொருள். தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் அந்த ஒலி பொதுவாக வருவதில்லை. ஆங்கிலத்தில் பந்தடிக்கும் மட்டைக்கும் முதுகில் தட்டுவதற்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘பேட்’ என்றுதான் வரும். இதைச் சிவப்பு மையால் பத்து முறை எழுதச் சொல்வதால் பயனில்லை. இரண்டு ஒலிகளையும் மாற்றி மாற்றிச் சொல்லிக் கேட்க வைக்க வேண்டும். ஆசிரியைகள் வகுப்பில் தமிழில் ஒரு சொல் விளக்கினால் நிர்வாகம் முகம் சுளிக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. சுளித்தாலும், விடையை முதலில் பக்கத்துப் பிள்ளையிடம் வீட்டு மொழியில் பேசிப் பார்த்துவிட்டுப் பிறகு ஆங்கிலத்தில் சொல்வது அனுமதிக்கப்பட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. தெலுங்கும் உருதும் பேசுகிற பிள்ளைகளுக்கும் அந்த உரிமை உண்டு, ஆசிரியைக்கு அந்த மொழி தெரியாவிட்டாலும்கூட.

கடைசியாக, அந்த மூத்த ஆசிரியை. நீங்கள் வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும், முத்து முத்தாக எழுதி வாசிக்கத் தெரியாத அந்த மூன்றாம் வகுப்பு அவருடையதுதான் என்று கடிதத்தைப் படித்தபோது தோன்றியது. அவர் கேட்ட கேள்வியில் கோபத்தைவிட வலிதான் அதிகம். தாம் கைபிடித்து அழைத்துவந்தவர் ஒருநாள் நோட்டுப் புத்தகத்தோடு கடைசி பெஞ்சில் வந்து உட்காருவார் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். அவருடைய வகுப்புக்கு முதலில் நீங்கள் போகாதீர்கள். உங்கள் வகுப்புக்கு அவரை அழையுங்கள். “அக்கா, என் வகுப்பில் நான்கு பிள்ளைகள் வாயே திறப்பதில்லை, நான் பாடம் நடத்தும்போது அவர்களை மட்டும் நீங்கள் பார்த்துச் சொல்ல முடியுமா?” என்று கேளுங்கள். பார்த்துவிட்டு அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் அதைச் செய்தும் காட்டுங்கள். இதற்காகவேனும் அந்த 14 பாடவேளையை விட்டுவிடாதீர்கள். சொந்த வகுப்பு இல்லாத ஒருங்கிணைப்பாளருக்குப் பிறரை அழைக்க ஓர் இடமே இருக்காது. நிர்வாகம் குறைத்தே தீரும் என்றால் ஐந்தாம் வகுப்பைக் கொடுத்துவிட்டு, இரண்டையோ மூன்றையோ கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் இரண்டு மூன்று முறை உங்கள் வகுப்புக்கு வந்துபோன பிறகு, வாசிப்பு விஷயத்தை எடுங்கள். அப்போதும் அவருக்கு யோசனை சொல்லாதீர்கள், நேரம் கொடுங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து, பாடப் புத்தகத்தில் இல்லாத எளிய நான்கு வரியை வாசிக்கச் சொல்லிக் கேட்க ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம் போதும். 36 பிள்ளைகளுக்கு 108 நிமிடம், அதாவது மூன்று பாடவேளை. பாடப் புத்தகத்திலிருந்து எடுக்கக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: ஒப்பிக்கிற பிள்ளையும் வாசிக்கிற பிள்ளையும் அதில் ஒன்றுபோலவே தெரிவார்கள். வகுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் வராந்தாவில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்கட்டும். தம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொன்றின் குரலையும் தனியாகக் கேட்பதற்கு மூன்று பாடவேளையை இத்தனை ஆண்டுகளில் அவருக்கு யாரும் ஒதுக்கித் தந்திருக்க மாட்டார்கள். பட்டியல் அவருடைய கையெழுத்தில், அவரிடமே இருக்கட்டும். அதை உங்களிடம் எப்போது காட்டுவது, காட்டிய பிறகு என்ன கேட்பது என்பதை அவர் முடிவு செய்யட்டும்.